பி.டி. பீரியட்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் பத்தொன்பது ஆண்டுகளாகச் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு பி.டி. எடுக்கிறேன். முதலில் வியாசர்பாடிப் பக்கம், இப்போது போரூர் தாண்டி. நடுவில் வகுப்பு ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமைப் பயிற்சியும் எடுக்க ஆரம்பித்தேன். டீ இடைவேளையில் வரும் சந்தேகங்கள் எந்தப் பள்ளியிலும் ஒன்றுபோலவே இருக்கும். வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து இங்கே எழுதிவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

சின்னப் பசங்களுக்கு பி.டி. எதுக்கு மேடம்? அதுங்களே நாள் முழுக்க ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?

ஓடுகிறார்கள், சரி. ஆனால் தானாக வருவது பெரும்பாலும் அந்த ஓட்டம் மட்டும்தான். பந்தை எறிவது, பிடிப்பது, குதித்துவிட்டு முழங்காலை மடக்கி இறங்குவது, நொண்டியபடியே திரும்புவது எல்லாம் யாராவது காட்டிக்கொடுத்தோ கூட விளையாடியோ வர வேண்டியவை. முன்பு தெருவில் பெரிய பிள்ளைகள் அந்த வேலையைச் செய்தார்கள். இப்போது வேன் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை தொங்குகிறது.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு இரண்டு பீரியடை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை நம்மால் நிரப்ப முடியாது. மிச்ச நேரத்தில் அவர்களாக விளையாட வேண்டும். அதற்கு விளையாடத் தெரிந்திருக்க வேண்டும். எறியத் தெரியாத பிள்ளையை யாரும் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை, சேர்க்காததால் அது எறியக் கற்பதும் இல்லை. இந்தச் சுழலை உடைக்கத்தான் பீரியட்.

நான் கிளாஸ் டீச்சர். எனக்கே விளையாட்டு வராது. நான் எப்படி பி.டி. எடுக்கறது?

பெரும்பாலான அரசு தொடக்கப் பள்ளிகளில் தனியாக பி.டி. ஆசிரியர் கிடையாது. அதனால் எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-இலேயே தொடங்கிய ஊர் இது. படித்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை, சின்ன வகுப்புக்கு அவர்கள் வந்து சேர்வதில்தான் பஞ்சம்.

நீங்கள் குதிக்க வேண்டாம், பார்க்கத் தெரிந்தால் போதும். செய்துகாட்ட வகுப்பிலேயே ஒரு பிள்ளை இருக்கும். ஒரு பீரியடில் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். இன்றைக்குக் குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்குகிறதா என்பது மட்டும். நாளைக்கு வேறு. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் பிள்ளையும் குழம்பும், நீங்களும் குழம்புவீர்கள்.

அடிப்படை அசைவுன்னு சொல்றீங்களே, அது என்னென்ன?

மூன்று கூடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாறுவது: ஓட்டம், குதித்தல், நொண்டி, தாவல், பக்கவாட்டில் நகர்வது. பொருளைக் கையாள்வது: எறிதல், பிடித்தல், உதைத்தல், மட்டையால் அடித்தல், தட்டிக்கொண்டே போவது. நிலையாக நிற்பது: ஒற்றைக் கால், கோட்டின் மேல் நடை, உருளல், சட்டென்று நிற்பது.

பாடத்திட்டம் தேடி அலைய வேண்டாம். பாண்டியில் நொண்டி, குனிதல், சமநிலை, சில்லைக் குறி பார்த்துப் போடுவது எல்லாம் இருக்கிறது. கல்லா மண்ணாவில் ஓட்டமும் திடீரென்று திசை மாறுவதும். பச்சைக் குதிரையில் தாவலும் இறங்குவதும் (இதை நான்காம் வகுப்புக்கு மேல், ஆள் பார்த்து). ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். நம் பழைய ஆட்டங்களில் கால் வேலை நிறைய, எறிந்து பிடிப்பது குறைவு. அந்தக் கூடையை நாம்தான் நிரப்ப வேண்டும்.

எந்த வயசுல எது வரணும்? என் பொண்ணுக்கு ஆறு வயசு, பந்தே பிடிக்க வரலை.

சுமாரான கணக்குதான் சொல்ல முடியும். ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் நிற்பதும் நாலைந்து தப்படி நொண்டுவதும் ஐந்து வயதை ஒட்டிப் பலருக்கு வந்துவிடும். கயிறில்லாமல் கால் மாற்றி மாற்றித் தத்திப் போகும் ஸ்கிப்பிங் ஆறு, ஏழு வயதில். பந்து பிடிப்பது எல்லாவற்றிலும் தாமதம். ஐந்து வயதில் இரண்டு கையையும் நீட்டி நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும். விரல்களாலேயே பிடிப்பதற்கு ஏழு, எட்டு வயது ஆகலாம். ஆறு வயதில் வரவில்லை என்றால் பயம் வேண்டாம், பழக்கம் வேண்டும்.

இன்னொன்று. ஒரே முதல் வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஓராண்டு வித்தியாசம் இருக்கும். ஆறு வயதில் ஓராண்டு என்பது வாழ்ந்த வாழ்க்கையில் ஆறில் ஒரு பங்கு. ‘அவன் செய்யறான், நீ ஏன் செய்யல’ என்று கேட்கும் முன் இரண்டு பேரின் பிறந்த மாதத்தையும் பாருங்கள். ஆனால் முன்பு வந்த ஒன்று இப்போது வராமல் போனாலோ, சும்மா நடக்கும்போதே அடிக்கடி விழுந்தாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாப்பது பேர், ரெண்டு பந்து. என்னதான் பண்றது?

முதலில் ஒரு கணக்கு. நாற்பது பேரை இரண்டு வரிசையாக நிறுத்தி ரிலே விடுகிறீர்கள். ஒருவர் போய்வர 15 விநாடி. வரிசையில் இருபது பேர் என்றால் ஒரு சுற்றுக்கு 5 நிமிடம். முப்பது நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு ஆறு முறை, அதாவது மொத்தம் ஒன்றரை நிமிடம் ஓட்டம். மீதி இருபத்தெட்டரை நிமிடம் வரிசையில் நின்று முன்னால் இருப்பவன் காதைத் திருகுவது. அதையே ஐந்து ஐந்து பேராக எட்டு வரிசை ஆக்கினால் ஆளுக்கு ஆறு நிமிடம் கிடைக்கும். வரிசையே இல்லாமல் எல்லோர் கையிலும் ஒரு பந்து இருந்தால் பீரியட் முழுதும் கிடைக்கும்.

நாற்பது பந்துக்கு எங்கே போவது? பழைய செய்தித்தாளைக் கசக்கி உருட்டி, மேலே செல்லோ டேப் சுற்றுங்கள். ஒரு பீரியடில் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். ஜோடி தொலைந்த சாக்ஸுக்குள் துணியை அடைத்து முடிச்சுப் போட்டால் இன்னொரு பந்து. இரண்டு ரூபாய் பலூன். பாதி மணல் போட்ட தண்ணீர் பாட்டில் இலக்கு. கிழிந்த புடவையை முறுக்கினால் தாண்டுவதற்குக் கயிறு. அந்த இரண்டு நல்ல பந்தையும் அலமாரியில் பத்திரமாக வையுங்கள்.

பீரியட் நன்றாகப் போனதா என்று தெரிய நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பிள்ளையை மனதுக்குள் குறித்துக்கொண்டு, அதன் கையில் பந்து எத்தனை முறை பட்டது என்று எண்ணுவேன். இருபதுக்குக் கீழே என்றால் அன்றைக்கு நான் பாடம் எடுக்கவில்லை, காவல் காத்திருக்கிறேன்.

எங்க ஸ்கூல்ல கிரவுண்டே இல்லையே?

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று இருக்கிறது. அதைச் சொல்லி உங்கள் பீரியடுக்கு இன்றே இடம் வந்துவிடாது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினால் வகுப்பறையில் பலூன் தட்டலாம், சாக்பீஸ் கோட்டில் நடக்கலாம், காகிதப் பந்தைக் குப்பைத் தொட்டியில் குறி பார்க்கலாம், ‘சிலை’ விளையாடலாம். வராண்டா இருந்தால் கரடி நடை, நண்டு நடை. கைக்கும் தோளுக்கும் இதைவிடச் சுலபமான வேலை இல்லை.

மொட்டை மாடி வேண்டாம். கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று வாதாடுகிறவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன்.

இந்த வெயில்ல எப்படி வெளிய விடறது?

சென்னையில் பி.டி.க்கு முதல் எதிரி டைம்டேபிள்தான். கத்திரி முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்போதும் வெயில் இறங்கியிருக்காது. அதில் பன்னிரண்டு மணிக்கு பி.டி. போட்டிருப்பார்கள். ஈரப்பதம் அதிகமான ஊர், வியர்வை காய்வதில்லை, காயாத வியர்வையால் உடல் குளிர்வதும் இல்லை. பெசன்ட் நகரில் கடல் காற்று வந்துவிட்ட நேரத்தில் அம்பத்தூரில் இன்னும் அனல்தான் அடிக்கும். அதனால் தெரிந்த பள்ளியில் என்ன செய்கிறார்கள் என்று கேட்காமல் உங்கள் மைதானத்தில் நீங்களே பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது பீரியட். முதல் பீரியட் இன்னும் குளிர்ச்சி, ஆனால் வயிறு நிறைந்திருக்கும். 2022-இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் அப்போதுதான் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். பொங்கல் சாப்பிட்ட கையோடு குதிக்கவிட்டால் என்ன ஆகும் என்று என் சுடிதாருக்குத் தெரியும். காலை கிடைக்கவில்லை என்றால் கடைசி பீரியட். நடுவில்தான் என்றால் வேப்ப மர நிழல் எங்கே விழுகிறதோ அங்கே, அதுவும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடித்து. தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விடாதீர்கள், விளையாட்டு மும்முரத்தில் கேட்கவே மாட்டார்கள். சிமெண்ட் தரையில் வெறுங்கால் கூடாது.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வழக்கத்தைவிட அமைதியாகிவிடுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் நிழலுக்குக் கூட்டிப்போய், ஈரத்துணியால் துடைத்து, விசிறி, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

மழைக்காலத்துல?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேலே சொன்ன வகுப்பறைப் பட்டியல்தான். ஈரமான டைல்ஸ் தரையில் ஓட்டம் கூடவே கூடாது.

‘அவுட் ஆனவங்க உக்காரு’ன்னு விளையாடறதுல என்ன தப்பு? அப்படித்தானே நாமளும் விளையாடினோம்?

யார் முதலில் அவுட் ஆகிறார்கள் என்று பாருங்கள். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான். நன்றாக ஓடுகிறவன் கடைசி வரை ஓடுவான், ஓட வராதவள் முதல் நிமிடமே உட்காருவாள்.

நானும் முதல் நான்கு ஆண்டு இப்படித்தான் எடுத்தேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண், ஆட்டம் தொடங்கியதுமே வேண்டுமென்றே போய்ப் பிடிபட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். சோம்பேறி என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டதற்கு, ‘எப்படியும் நான்தான் மிஸ் ஃபர்ஸ்ட் அவுட், அதான் நானே போயிட்டேன்’ என்றாள். அன்றோடு அந்த ஆட்டங்களை மாற்றினேன். பிடிபட்டவர் சிலையாக நிற்க, மற்றவர் வந்து தொட்டு விடுவிக்கும் லாக் அண்ட் கீ போதும். மியூசிக்கல் சேரில் நாற்காலியை மட்டும் எடுங்கள், ஆளை எடுக்காதீர்கள். எட்டுப் பேர் மூன்று நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்காரும்போது வரும் சிரிப்பு, ஜெயித்தவன் ஒருவன் சிரிப்பைவிடப் பெரிது.

பந்து வந்தாலே கண்ணை மூடிக்குது. எப்படிப் பழக்கறது?

கண்ணை மூடுவது பயம். கெட்டியான பந்து ஒருமுறை மூக்கில் பட்டிருக்கும். அதனால் பலூனில் தொடங்குங்கள். மெதுவாக இறங்கும், கண் பின்தொடர நேரம் இருக்கும். அடுத்து கைக்குட்டை, அப்புறம் காகிதப் பந்து. பிறகு தரையில் ஒருமுறை குத்தி எழும் ரப்பர் பந்து. நேராக எறிந்து பிடிப்பது கடைசி. தூரமும் அப்படித்தான், இரண்டு தப்படியில் தொடங்கி ஐந்து முறை விடாமல் பிடித்தால் ஒரு தப்படி பின்னால். ‘பந்தைப் பார்’ என்று மட்டும் சொன்னால் புரியாது. பந்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு எழுத்து எழுதிவிட்டு ‘என்ன எழுத்து?’ என்று கேளுங்கள். பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எறிவதில் பொதுவான தவறு, வலக்கையால் எறியும்போது வலக்காலையே முன்வைப்பது. எதிர்க் காலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு ‘ஸ்டிக்கர் கால் முன்னால’ என்றால் போதும். இடக்கைப் பிள்ளைக்கு ஸ்டிக்கர் வலக்காலில். அதைப் போய் வலக்கைக்கு மாற்றாதீர்கள்.

சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நாலு ரவுண்டு ஓட விடலாமா?

வேண்டாம். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு மறுநாள் ‘ஓடினால் உடம்புக்கு நல்லது’ என்று எந்த முகத்தோடு சொல்வது? தோப்புக்கரணமும் அப்படியே. உடலை வருத்தும் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் தடை செய்கிறது.

பெரும்பாலும் சத்தம் வருவது வரிசையில் காத்திருக்கும்போதுதான் (நாற்பது பேர் கணக்கை மறுபடி பாருங்கள்). விசில் ஒருமுறை என்றால் சிலை, இரண்டு முறை என்றால் என்னிடம் ஓடி வா. முதல் இரண்டு வாரம் இதையே விளையாட்டாகப் பழக்குங்கள். மீறி அடுத்தவனைத் தள்ளுகிறவனை இரண்டு நிமிடம் என் பக்கத்தில் நிற்கவைத்து விசிலை அவன் கையில் கொடுப்பேன். பெரும்பாலும் அதோடு சரி.

நாலாங்கிளாஸ் வந்ததும் பொண்ணுங்க ஓரமா நின்னுடறாங்க. ஏன்?

பாவாடைச் சீருடை முதல் காரணம். உள்ளே ஷார்ட்ஸ் போட்டு வரச் சொல்லி அம்மாக்களிடம் நேராகப் பேசுங்கள், பி.டி. உள்ள நாளில் சுடிதார் போடவிடும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இரண்டாவது காரணம், இரண்டு பையன்களைக் கேப்டன் ஆக்கி ஆள் எடுக்கச் சொல்வது. நாற்பது பேர் நடுவில் கடைசி ஆளாகத் தேர்வாகும் பிள்ளை அதை மறப்பதில்லை. பிறந்த மாதமோ சட்டை பட்டனோ எதையாவது வைத்து நீங்களே பிரியுங்கள்.

வீல்சேர்ல ஒரு பையன் இருக்கான். ஸ்கோர் எழுத வைக்கிறேன். தப்பா?

என்றைக்காவது என்றால் தப்பில்லை, என்றைக்குமே என்றால் தப்பு. நான்கில் ஒன்றை மாற்றிப் பாருங்கள்: இடம், செய்யும் வேலை, பொருள், கூட ஆடும் ஆட்கள். உதைக்கும் இடத்தில் அவன் எறியட்டும். பந்து பெரிதாகட்டும். ஓடிப்பிடித்து ஆட்டத்தில் எல்லோரும் நடக்க மட்டும் வேண்டும் என்று விதி வையுங்கள். என்ன மாற்றலாம் என்று அவனையே கேளுங்கள், நமக்குத் தோன்றாததை அவன் சொல்வான்.

ஒரு எச்சரிக்கை. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேலிரண்டு எலும்புகளுக்கு இடையிலான இணைப்பு தளர்ந்திருக்கும். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை அவர்களுக்குக் குட்டிக்கரணம் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் ஓடலாம். மெதுவாகத் தொடங்கட்டும், இன்ஹேலர் பையில் இல்லாமல் உங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கம்பியில தொங்கினா உயரம் கூடுமா?

கூடாது. தோளும் பிடியும் வலுவாகும், அதற்காகவே தொங்கட்டும்.

பையனுக்கு ஆறு வயசு. இப்பவே கிரிக்கெட் அகாடமியில சேர்த்தாத்தான் முன்னுக்கு வருவான்னு சொல்றாங்களே?

சேர்க்கலாம், அது மட்டுமே என்று ஆக்காதீர்கள். ஒரே விளையாட்டில் இறங்குவதைப் பதினைந்து, பதினாறு வயது வரை தள்ளிப்போடும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் சொல்கிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் வளரும் எலும்புக்கும் வலி, மனதுக்கும் சலிப்பு. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். ஆறு வயதில் மேலே சொன்ன மூன்று கூடையும் நிரம்பட்டும். அகாடமியில் போய்ப் பார்க்கும்போது கோப்பை அலமாரியைப் பார்க்காமல், ஒரு மணி நேரத்தில் உங்கள் பையன் எத்தனை பந்தைத் தொட்டான் என்று எண்ணுங்கள்.

மார்க் எப்படிப் போடறது? யார் முதல்ல வந்தாங்கன்னு பாத்தா போதுமா?

போதாது. அது பிறந்த மாதத்துக்கு மார்க் போடுவது. மத்திய அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் கேலோ இந்தியா உடல்தகுதி மதிப்பீட்டிலேயே 5 முதல் 8 வயதுக்கு ஓட்டப் பந்தயம் இல்லை. உயரம் எடை பார்த்து பி.எம்.ஐ., ஒற்றைக் காலில் 60 விநாடி நிற்கும் பிளமிங்கோ, இரண்டு வட்டங்களை மாறி மாறித் தட்டும் பிளேட் டேப்பிங், அவ்வளவுதான். ஜூலையில் இருந்ததற்கும் பிப்ரவரியில் இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வரி எழுதுங்கள். எடையைச் சத்தமாகப் படிக்கவே படிக்காதீர்கள். வகுப்பு அதை வைத்தே ஒரு பட்டப்பெயர் கண்டுபிடித்துவிடும்.

கையைப் பிடிச்சு, இடுப்பைப் பிடிச்சு சொல்லித் தரலாமா? இப்ப எல்லாமே பயமா இருக்கு.

பயம் வேண்டாம், முறை வேண்டும். முதலில் சொல், பிறகு காட்டு, அதற்கும் வரவில்லை என்றால்தான் கை. ‘தோளைப் பிடிக்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டு, எல்லோர் கண்ணெதிரே, தோள், முழங்கை, மேல்முதுகு இதோடு நிறுத்துங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சாமான் அறைக்குத் தனியாக ஒரு பிள்ளையை அனுப்பாதீர்கள், நீங்களும் தனியாகக் கூட்டிப்போகாதீர்கள். எந்தப் பெரியவரைப் பற்றியாவது பிள்ளை ஏதேனும் சொன்னால் அதை மழுப்பக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குங்கள்.

விழுந்து பல்லு கையில வந்துடுச்சு. என்ன செய்யணும்?

பால் பல் என்றால் திரும்பப் பொருத்த முயல வேண்டாம், சுத்தமான துணியை அழுத்திப் பிடித்து பல் மருத்துவரிடம் காட்டினால் போதும். ஆறு, ஏழு வயதில் முன்பக்கம் நிரந்தரப் பல் முளைக்கத் தொடங்கும். அது விழுந்தால் வேர்ப்பகுதியைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். தேய்த்துக் கழுவக் கூடாது. தலையில் அடிபட்டிருந்தால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது, அழுகை நின்றுவிட்டாலும் சரி. பெற்றோருக்கு உடனே போன். வாந்தியோ தூக்கக் கலக்கமோ இருந்தால் மருத்துவமனை.

எச்.எம். பி.டி. பீரியடைக் கணக்குக்குக் குடுத்துடறார். சண்டை போடவா?

நான் போட்டிருக்கிறேன், ஒரு முழுப் பருவம் முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்திருக்கிறேன். இரண்டாலும் ஒரு பீரியட்கூடத் திரும்பவில்லை. பிறகு மூன்றாம் வகுப்பில் கயிறு தாண்டுவதை மும்மூன்றாக எண்ணவைத்தேன். தரையில் எண்கள் எழுதி, ஏழாம் வாய்ப்பாட்டில் வரும் எண்ணுக்கு மட்டும் தாவச் சொன்னேன். தலைமையாசிரியரை ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லி, ஆளுக்கு எத்தனை முறை பந்து பட்டது என்று எழுதிய நோட்டையும் காட்டினேன். பீரியட் வந்தது. மார்ச்சில் தேர்வு என்று மறுபடி போனது. ஜூனில் மறுபடி கேட்டு வாங்கினேன், கடைசி பீரியடாக.

இந்த முறை டைம்டேபிள் போடும் அன்று காலையில் அவர் அறை வாசலில் முதல் ஆளாக நிற்பதாக இருக்கிறேன், இரண்டாவது பீரியடைக் கேட்க.